தவறு எங்கே? கணிப்பொறியின் வாக்குமூலம்

ஒரு தங்கும் விடுதியை மனத்தில் எண்ணிப் பாருங்கள். ஏழாம் எண் அறையில் இருந்தவர் காலையில் கணக்கை முடித்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். ஆனால் மாற்றுச் சாவி ஒன்று அவருடைய பையிலேயே தங்கிவிட்டது. மாலையில் வேறொரு குடும்பத்தார் அதே அறைக்கு வருகின்றனர். இரவில் பழைய ஆள் பழக்க தோஷத்தால் திரும்பி வந்து, கதவைத் திறந்து, உள்ளே இருந்த பெட்டியைத் தன்னுடையது என்று எண்ணி எடுத்துச் சென்றுவிடுகிறார். மறுநாள் கூச்சல் எழுகிறது. கூச்சலிடுபவர் புதிதாக வந்தவர். தவறு செய்தவரோ அந்த இடத்திலேயே இல்லை!

கணிப்பொறியின் நினைவகத்திலும் இதே கதை நடக்கிறது. கணிப்பொறியின் எல்லா உறுப்புகளையும் மேற்பார்வையிடும் புரோகிராமுக்கு இயக்க முறைமை என்று பெயர். அதன் உட்கருவே கெர்னல். நினைவகத்தைச் சிறு சிறு அறைகளாகப் பிரித்து, கேட்கும் பகுதிக்குக் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பெறுவது கெர்னலின் வேலைகளில் ஒன்று. ஆனால் கெர்னலை எழுதுபவர்களும் மனிதர்களே. திருப்பிக் கொடுத்த அறையை மீண்டும் தொடுவதும், தன் அறையின் சுவரைத் தாண்டி அடுத்த அறையில் எழுதுவதும் அவர்கள் அறியாமல் செய்யும் பிழைகள். இயந்திரம் நின்றுபோகும் இடம் ஒன்று; தவறு நிகழ்ந்த இடம் வேறொன்று. அப்படியானால் குற்றவாளியை எப்படிக் கண்டுபிடிப்பது? இயந்திரமே வாக்குமூலம் தர வேண்டும். அந்த வாக்குமூலம் படிப்படியாகத் தெளிவடைந்த வரலாற்றைப் பார்ப்போம்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்ற கணிப்பொறி 1949ஆம் ஆண்டு மே மாதம் வேலை செய்யத் தொடங்கியது. எழுதிய புரோகிராம்களில் பிழைகள் மலிந்திருப்பதைக் கண்டு அதை உருவாக்கியவர்களே வியந்தனர். ஆகவே, புரோகிராம் நின்றபின் நினைவகத்தில் எஞ்சியிருப்பதை அச்சிட்டுக் காட்டும் துணைப் புரோகிராம்களை எழுதினர். அவற்றுக்கு அவர்கள் இட்ட பெயர் என்ன தெரியுமா? பிரேதப் பரிசோதனை! இவ்வாறு பிழை காணும் முறைகளைப் பற்றி ஸ்டான்லி கில் 1951இல் ஓர் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார்.

1953இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிலையத்தில் வேர்ல்விண்ட் என்ற கணிப்பொறிக்குக் காந்த வளையங்களால் ஆன நினைவகம் பொருத்தப்பட்டது. கோர் எனப்பட்ட அந்த வளையங்கள் மறைந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் நினைவகத்தை அப்படியே கொட்டிக் காட்டுவதற்கு இன்றும் 'கோர் டம்ப்' என்றே பெயர். பக்கம் பக்கமாக எண்கள் மட்டுமே கொண்ட இந்தக் குவியல் பொய் சொல்லவில்லை. ஆனால் நமக்கு வேண்டியதைச் சொல்லவுமில்லை. விடுதியில் உள்ள எல்லாப் பொருள்களின் பட்டியலையும் கொடுத்துவிட்டு, திருடனை நீங்களே கண்டுபிடியுங்கள் என்று சொல்வதைப் போன்றது அது.

அடுத்த படி ஓர் எளிய தந்திரம். காலியான அறை முழுவதும் சாயம் பூசிவிட்டால், பிறகு அங்கே நுழைந்தவரின் காலடித் தடம் தெரியும் அல்லவா? சன் நிறுவனத்தின் இயக்க முறைமைக்காக ஜெஃப் பான்விக் வடித்த நினைவகப் பங்கீட்டு முறை 1994இல் வெளியிடப்பட்டது. அதில் திருப்பிக் கொடுக்கப்பட்ட இடங்களை 'டெட்பீஃப்' என்று படிக்கும்படி அமைந்த எண்ணால் நிரப்பினர். லினக்ஸ் கெர்னலில் இதே வேலைக்கு 6பி என்ற பதினாறடிமான எண் பயன்படுகிறது. எழுத்தாக அச்சிட்டால் அது ஆங்கில எழுத்தான 'கே' ஆகும். 'கே' எழுத்துகளின் நீண்ட வரிசைக்கு நடுவே வேறோர் எழுத்து தென்பட்டால், யாரோ வந்து போயிருக்கிறார் என்று பொருள். ஆனால் வந்தவர் யார்? தடம் பெயரைச் சொல்லாது.

பெயரைச் சொல்வதும் அன்று எளிதாக இல்லை. பழைய லினக்ஸ் கெர்னல் பழுதுபட்டால் முகவரி எண்களையே அச்சிடும். எந்த எண் எந்தப் பகுதியைக் குறிக்கிறது என்பதை அறியத் தனிப் புரோகிராம் ஒன்றின் உதவி தேவைப்பட்டது. 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 பதிப்பில் கெர்னல் தன் பகுதிகளின் பெயர்ப் பட்டியலைத் தானே வைத்துக்கொண்டு, பெயர்களையே அச்சிடும் வசதி அமைந்தது.

2015இல் வந்த 4.0 பதிப்பில் கசான் என்ற காவலாளி லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. நினைவகத்தின் ஒவ்வொரு எட்டு பைட்டுக்கும் ஒரு பைட் வீதம் இது நிழல் நினைவகம் ஒன்றை வைத்திருக்கிறது. எந்த இடத்தைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கும். தொடக்கூடாத இடத்தைத் தொட்ட கணமே அறிக்கை வெளியாகும். விடுதியின் பதிவேட்டைப் போல, அந்த அறையைப் பெற்றவர் யார், காலி செய்தவர் யார் என்பதும் அதில் இருக்கும்.

இருந்தும் தொடக்கத்தில் அந்த அறிக்கையைப் படிப்பது கடினமாக இருந்தது. முக்கியமான செய்திகளுக்கு இடையே எண் குவியல் புகுந்துகொண்டது. 2017 ஜூலையில் வந்த 4.12 பதிப்பில் இதன் வரிசை திருத்தப்பட்டது. முதலில் என்ன பிழை, எந்தப் பகுதியில். அடுத்து அங்கே வந்து சேர்ந்த வழி. பின்பு இடத்தைப் பெற்றவர், திருப்பியவர். இறுதியில் அந்த இடத்தின் நிழற்படம். புதிதாகக் கண்டுபிடித்தது என்று பெரிதாக ஒன்றுமில்லை. படிப்பவருக்கு எந்தக் கேள்வி முதலில் எழும் என்று எண்ணிப் பார்த்தார்கள், அவ்வளவே!

அறிக்கை தெளிவாக இருந்தால் மட்டும் போதுமா? 2017 நவம்பரில், கெர்னலுக்கு இடைவிடாமல் விதவிதமான வேண்டுகோள்களை அனுப்பிச் சோதிக்கும் சிஸ்காலர் என்ற புரோகிராம், ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பயன்படும் பைண்டர் என்ற பகுதியில் ஒரு பிழையைக் காட்டியது. காலி செய்த அறையைத் தொடும் அதே பிழைதான். 2018 பிப்ரவரியில் அது திருத்தப்பட்டது. ஆனால் திருத்தம் பல கைப்பேசிகளுக்குப் போய்ச் சேரவில்லை. அந்தக் கைப்பேசிகளைக் கைப்பற்ற இதே ஓட்டையைச் சிலர் பயன்படுத்தி வந்தது 2019இல் தெரியவந்தது. மருத்துவர் நோயைச் சரியாக எழுதிக் கொடுத்தும், மருந்து நோயாளியை அடையாத நிலை இது.

அதிகம் சொல்வதிலும் ஆபத்து உண்டு. உண்மையான நினைவக முகவரிகள் திருத்துபவருக்கு உதவுவது போலவே திருடனுக்கும் உதவும். எனவே 2018 ஜனவரியில் வந்த 4.15 பதிப்பிலிருந்து, சாதாரணச் செய்திகளில் முகவரிகள் உருமாற்றப்பட்டே அச்சாகின்றன. கசானுக்கோ அதிக நினைவகமும் நேரமும் வேண்டும். ஆகவே அது பெரும்பாலும் சோதனைக் கூடத்துக்கே உரியது. அன்றாடம் ஓடும் இயந்திரங்களுக்காக, சில அறைகளை மட்டும் மாதிரிக்கு எடுத்துக் கண்காணிக்கும் கேஃபென்ஸ் 2021இல் 5.12 பதிப்பில் வந்தது.

நினைவகத்தில் என்ன இருக்கிறது என்ற கேள்வியில் தொடங்கிய முயற்சி, அது யாருடையது, எப்போது கைமாறியது என்ற கேள்விக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நாளை நீங்கள் ஒரு புரோகிராம் எழுதும்போது, அது தவறினால் என்ன சொல்லவேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். நள்ளிரவில் அதைப் படிக்கப்போகிறவர் நீங்களாகவே இருக்கலாம்.