மயக்கத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய சம்மதம்



இன்றைய வரலாற்றுப் பதிவு பல்லைப் பற்றியது. பல்லில் என்ன வரலாறு என்று நினைக்காதீர்கள். "இந்த அறுவையில் இன்னின்ன ஆபத்து உண்டு, உங்களுக்குச் சம்மதமா?" என்று மருத்துவர் நம்மைக் கேட்க வேண்டும் என்ற நிலை வருவதற்குப் பல நூறாண்டுகள் ஆயின. அந்தக் கதையின் முக்கியமான திருப்பம் ஒரு பல் மருத்துவரின் நாற்காலியில் நடந்தது. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

பழைய காலத்தில் பல் பிடுங்குவதென்றால் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, ஒருவர் குறட்டால் இழுப்பார். கொடுமைதான். ஆனால் நோயாளி விழித்திருந்தார். "வேண்டாம்" என்று கத்த அவருக்குக் குரல் இருந்தது. 1767இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. கூடிக்கொண்டிருந்த கால் எலும்பை, நோயாளி எதிர்ப்புத் தெரிவித்தும் கேட்காமல், மறுபடி உடைத்துவிட்டார்கள். நோயாளியின் சம்மதத்தைக் கேட்டிருக்க வேண்டும் என்று நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அவர் மறுத்தது எல்லோர் காதிலும் விழுந்திருந்தது.

1844 டிசம்பர் 10. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் சிரிப்பு வாயுவை வைத்து ஒரு வேடிக்கைக் காட்சி நடந்தது. அதை முகர்ந்த ஒருவர் காலில் அடிபட்டும் வலியே தெரியாமல் நின்றார். கூட்டத்தில் இருந்த பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ் இதைக் கவனித்தார். மறுநாளே அந்த வாயுவைத் தாமே முகர்ந்து, தம் கடைவாய்ப்பல்லை இன்னொரு பல் மருத்துவரை விட்டு எடுக்கச் சொன்னார். ஆபத்தை முதலில் தன் உடம்பில் ஏற்றுக்கொண்ட மனிதர்! அந்த ஒரு காரணத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

அடுத்து வந்தவர் வில்லியம் மார்ட்டன். அவரும் பல் மருத்துவர், வெல்ஸின் பழைய கூட்டாளி. 1846 செப்டம்பர் 30 அன்று ஈதர் கொடுத்து ஒருவருக்கு வலியின்றிப் பல் எடுத்தார். அக்டோபர் 16 அன்று பாஸ்டன் பெரிய மருத்துவமனையில், கழுத்துக் கட்டி இருந்த ஒருவரை மயக்கிக் காட்டினார். உலக மருத்துவத்தையே மாற்றிய நாள் அது. ஆனால் பாடப்புத்தகங்கள் அதிகம் சொல்லாத ஒன்று உண்டு. மார்ட்டன் காப்புரிமை பெற்றுப் பணம் பண்ண நினைத்தார். அதனால் ஈதரில் வாசனையும் நிறமும் சேர்த்து, வேறு பெயர் வைத்து, அது இன்னதென்று வெளியில் சொல்லாமல் மறைத்தார். தன்னை மயக்கியது என்ன மருந்து என்பதே அந்த நோயாளிக்குத் தெரியாது. இன்னதென்று சொன்னால்தான் மேற்கொண்டு பயன்படுத்துவோம் என்று மருத்துவமனைக்காரர்கள் பிடிவாதம் பிடித்த பிறகே உண்மை வெளியே வந்தது.

வலி போனது பெரிய வரம், சந்தேகமில்லை. ஆனால் வலியோடு சேர்ந்து நோயாளியின் குரலும் போயிற்று. மயங்கிக் கிடப்பவர் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. அவருடைய சம்மதத்தை அதற்கு முன்பே கேட்டாக வேண்டும். இது உலகத்துக்கு உறைக்க இன்னும் 60 ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் மயக்க மருந்தால் உயிர்களும் போயின. 1848 ஜனவரியில் இங்கிலாந்தின் நியூகாசில் அருகே ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமி இறந்தாள். கால் நகம் எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் கொடுத்திருந்தார்கள். அந்த மருந்து புழக்கத்துக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

இனி வழக்குகளைப் பாருங்கள். 1905, அமெரிக்காவின் மினசோட்டா. வலது காதில் அறுவை செய்துகொள்ள ஒரு பெண் சம்மதித்தார். அவர் மயங்கிய பிறகு, இடது காதுதான் அதிகம் கெட்டிருக்கிறது என்று மருத்துவர் இடது காதில் செய்துவிட்டார். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார், ஆனாலும் அது தவறு என்றது நீதிமன்றம். 1914, நியூயார்க். ஈதர் கொடுத்துப் பரிசோதிக்க மட்டுமே ஒரு பெண் சம்மதித்திருந்தார். கண் விழித்தபோது வயிற்றுக் கட்டியை எடுத்திருந்தார்கள். தெளிந்த புத்தியுள்ள எந்த வயதுவந்த மனிதருக்கும் தன் உடம்பைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை உண்டு என்று நீதிபதி கார்டோசோ எழுதினார். அந்தப் பெண் வழக்கில் வெல்லவில்லை, ஆனால் அந்தக் கருத்து நின்றுவிட்டது. 'விவரம் அறிந்து தரும் சம்மதம்' என்ற பொருளில் இன்று உலகமெங்கும் வழங்கும் சொல்லை 1957இல் கலிபோர்னியா நீதிமன்றம் ஒன்று தன் தீர்ப்பில் எழுதியது.

என் மனதில் மிகவும் பதிந்தது ஆஸ்திரேலிய வழக்கு. விட்டேக்கர் என்ற பெண்மணிக்குச் சிறு வயதிலிருந்தே வலது கண்ணில் பார்வை இல்லை என்றே சொல்லலாம். அந்தக் கண்ணில் அறுவை செய்தார்கள். நல்ல கண்ணுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். 14,000 பேரில் ஒருவருக்கு நல்ல கண்ணும் கெடலாம் என்பதை மருத்துவர் சொல்லவில்லை. அந்த ஒருவராக அவரே ஆனார். இரண்டு கண்ணும் போயிற்று. 1992இல் உயர்நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. ஆபத்து எத்தனை பேரில் ஒருவருக்கு என்பது மட்டும் கணக்கில்லை, எதிரே இருக்கும் இந்த மனிதருக்கு அது முக்கியமா என்பதே கணக்கு என்பதுதான் சாரம்.

நம் நாட்டுக்கு வருவோம். 1995இல் டெல்லியில் சமீரா கோலி என்பவர் வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்க்கும் சோதனைக்குச் சம்மதித்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே உட்கார்ந்திருந்த தாயிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையையே எடுத்துவிட்டார்கள். 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்த சம்மதம் ஆகாது. உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது, வயதுவந்தவருக்காகத் தாய் கையெழுத்திட்டாலும் செல்லாது. என்ன செய்யப் போகிறார்கள், பலன் என்ன, வேறு வழி உண்டா, பெரிய ஆபத்துகள் என்ன, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று நோயாளிக்குச் சொல்ல வேண்டும். ஆனால் மிக அரிதான ஆபத்துகளையெல்லாம் சொல்லிப் பயமுறுத்த வேண்டியதில்லை என்றும் தீர்ப்பு சொல்கிறது. ஆகவே, நமக்கு எது முக்கியமோ அதை நாமே கேட்பதுதான் நல்லது.

இந்த வழக்குகள் காதிலும் கண்ணிலும் வயிற்றிலும் நடந்தவை. பல்லுக்கு இவ்வளவு எதற்கு என்று நினைக்கலாம். பிரிட்டனில் பல் மருத்துவரின் அறையிலேயே முழு மயக்கம் கொடுத்துப் பல் எடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. நல்ல ஆரோக்கியமான குழந்தைகள்கூட நாற்காலியில் இறந்த பிறகு, 2001ஆம் ஆண்டு முடிவோடு அதை மருத்துவமனைகளுக்கு மட்டும் என்று நிறுத்தினார்கள். இன்று பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசிதான், நாம் விழித்தே இருக்கிறோம். ஆனால் வாயில் பஞ்சும் கருவியும் இருக்கும்போது என்ன பேசுவது? பேச வேண்டியதை உட்காரும் முன்பே பேசிவிட வேண்டும்.

சென்ற ஆண்டு என் தங்கை மகள் போன் செய்தாள். "பெரியம்மா, நாளைக்கு ஞானப்பல் எடுக்கணுமாம். ஒரு ஃபாரம் குடுத்திருக்காங்க, முழுக்க இங்கிலீஷ். சும்மா ஒரு ஃபார்மாலிட்டி, கையெழுத்துப் போட்டுட்டு வாங்கன்னாங்க. போட்டுடவா?" என்றாள். அவள் வேலை நாள் முழுக்கப் போனில் பேசுவது. "போடும்மா, ஆனா அதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட உன் வேலையைச் சொல்லி, பேச்சுக்கு ஏதும் ஆகுமான்னு கேளு" என்றேன். கேட்டாள். மருத்துவர் கோபிக்கவில்லை. எக்ஸ்ரேயைக் காட்டி, பல்லின் வேர் கீழ்த்தாடை நரம்பை ஒட்டி இருப்பதையும், உதடு சில வாரமோ சில மாதமோ மரத்திருக்கலாம், அபூர்வமாக நிரந்தரமாகவும் நிற்கலாம் என்பதையும் பத்து நிமிடத்தில் விளக்கிவிட்டார். பல் அடிக்கடி வீங்கித் தொல்லை தந்ததால் எடுப்பதென்று அவளே முடிவு செய்தாள். விடுப்புக்கும் ஏற்பாடு செய்துகொண்டாள். மூன்று வாரம் உதடு மரத்துத்தான் இருந்தது. தெரிந்திருந்ததால் அவள் பயப்படவில்லை.

நீங்களும் கேளுங்கள். இந்தப் பல்லை எடுத்தே ஆக வேண்டுமா? தொல்லை தராத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்கும் வழக்கம் வேண்டாம் என்று பிரிட்டனில் 2000ஆம் ஆண்டே வழிகாட்டுதல் வந்துவிட்டது. நரம்பு எவ்வளவு பக்கம்? மேல்பல் என்றால் சைனஸ் அறை எவ்வளவு பக்கம்? எடுத்த பிறகு எந்த அளவு வலியும் ரத்தமும் இயல்பு, எப்போது ஓடி வர வேண்டும்?

நீங்களும் மறைக்காமல் சொல்லுங்கள். சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்கான மருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். அந்த எலும்பு மருந்துகளில் சில, பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பை ஆறவிடாமல் செய்யலாம் என்பது 2003 வாக்கில்தான் மருத்துவ உலகுக்கே தெரியவந்தது. எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கத்தில் இரவு வகுப்பு எடுத்தவர்களில் நானும் ஒருத்தி. கைநாட்டு வைத்த அம்மாக்கள் முதன்முதலாகத் தங்கள் பெயரை எழுதியபோது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். புரியாத தாளில் போடுவதற்காக அந்தக் கையெழுத்தை நாங்கள் சொல்லித் தரவில்லை. படிவம் தமிழில் வேண்டும் என்று கேளுங்கள். இல்லையென்றால் வாயால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். புரிந்த பிறகு போடுங்கள்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.