நோயாளியின் இரகசியமும் சமூக நீதியும்

கொட்டாஞ்சேனைக்கு வடக்கே களனி கங்கையைக் கடந்தால் ஹெந்தளையை அடையலாம். அங்கே 1708இல் ஒல்லாந்தர் தொழுநோயாளருக்கென ஒரு மருத்துவமனையை நிறுவினர். பின்வந்த ஆங்கிலேயர் ஆட்சி 1901இல் தொழுநோயாளர் கட்டளைச் சட்டத்தை இயற்றி, நோயுற்றோரைக் கட்டாயமாகப் பிரித்து வைக்க வழி செய்தது. வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையே நிற்கவேண்டிய செய்தி ஊரறிந்த தண்டனையாயிற்று. இத்தகைய நிலையில் அஞ்சியவர் நோயை மறைப்பர். மறைத்த நோய் முற்றும். ஆகவே இரகசியம் பேணுதல் வெறும் நாகரிகமன்று. அது சிகிச்சையின் ஒரு பகுதியாகும்.

நாஜி வைத்தியர்களின் கொடுமைகளை உலகம் கண்டபின், 1948இல் உலக மருத்துவச் சங்கம் ஜெனீவாப் பிரகடனத்தை வெளியிட்டது. நோயாளி நம்பிச் சொன்னதைக் காப்பேன் என்பது அதன் உறுதிமொழிகளுள் ஒன்று. ஆனால் உறுதிமொழி எடுப்பவர் வைத்தியர். இரகசியத்தை அறிபவரோ பலர். பதிவேடு எழுதுவோர், தாதியர், ஆய்வுகூடத்தினர், சிற்றூழியர் ஆகிய அனைவரின் கைகளிலும் அது தங்கியுள்ளது.

இங்கே வர்க்கமும் மொழியும் குறுக்கிடுகின்றன. வெள்ளவத்தையில் பணங்கொடுத்து வைத்தியரைக் காண்பவர் அடைத்த கதவின் பின்னே பேசலாம். பொது வாட்டில் கிடக்கும் தொழிலாளியின் நோயை அடுத்த கட்டிலும் கேட்கும். 1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாக்கப்பட்டது. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனினும் தமிழ் மட்டும் அறிந்த நோயாளி, தமிழறியா வைத்தியர் முன் நிற்கும்போது மூன்றாம் நாவொன்று இடையே புகுகிறது. அந்த நாவுக்கு யார் பயிற்சியளித்தனர்?

2016இல் எய்ட்ஸ் வதந்தியொன்றால் ஒரு சிறுவனுக்குப் பள்ளிக்கூடக் கதவுகள் அடைபட்டன. அவனது உடல்நிலை செய்தித்தாள்களில் விவாதப் பொருளாயிற்று. ஆசிரியராகிய நாம் இதை மறத்தல் தகாது. அதே ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஒருவரது மருத்துவப் பதிவுகளை அவரின் எழுத்துமூலச் சம்மதமின்றி வெளியிட மறுக்கலாம் என்றது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தரவைச் சிறப்புப் பாதுகாப்புக்குரியதாக வகுத்தது.

சட்டம் ஏட்டில் மட்டும் இருந்தால் போதாது. கட்டிலைச் சுற்றித் திரையிடவும், பெயரையும் நோயையும் உரக்கக் கூவாதிருக்கவும், பதிவேட்டைத் திறந்து போடாதிருக்கவும், மொழிபெயர்ப்போர் வாய்காக்கவும் பயிற்சி வேண்டும். அப்பயிற்சி வைத்தியரோடு நின்றுவிடாது கடைசிச் சிற்றூழியர் வரை, தமிழிலும் சிங்களத்திலும் செல்லவேண்டும். திரைக்கும் தனியறைக்கும் அரசு பணம் ஒதுக்கவேண்டும். ஏழையின் இரகசியத்துக்கும் செல்வரின் இரகசியத்துக்கும் ஒரே மதிப்புக் கிடைக்கும் நாளிலேதான் பொது மருத்துவமனை உண்மையில் பொதுவுடைமையாகும்.