பேரேட்டில் இல்லாத சிப்பாய்

இங்கே துபாயில் விடுமுறை நாளென்றால் ஊர் ஞாபகம்தான். இன்றைக்கு வந்தது திருவனந்தபுரம் கிளையும், பென்ஷன் கவுண்டரும், ஒரு பாட்டியும்.

கணவர் மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து நேதாஜி படைக்குப் போனவராம். கையில் தொப்பி போட்ட ஒரு போட்டோ மட்டும். "தியாகி பென்ஷனை பேங்க் தீர்மானிக்காது பாட்டி, தில்லி உத்தரவு வேணும், அதுக்கு ரெக்கார்டு வேணும்" என்றேன். "படை கலைஞ்ச அன்னைக்கு ரசீது குடுக்கலையே மக்களே" என்றார். பி.காம். படித்த எனக்கு பதில் வரவில்லை.

பிறகுதான் கொஞ்சம் படித்தேன். ஐ.என்.ஏ.வில் இரண்டு வகை ஆட்கள். ஒன்று, சிங்கப்பூரில் 1942-ல் சரணடைந்த பிரிட்டிஷ் இந்திய சிப்பாய்கள். இவர்களுக்கு பழைய ரெஜிமெண்ட் ஃபைல் உண்டு. போர் முடிந்ததும் பிரிட்டிஷார் விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்தார்கள். நம் பாஷையில் சொன்னால் எதிராளியின் கணக்கில் கான்ட்ரா எண்ட்ரி! இரண்டாவது, 1943-ல் நேதாஜி வந்த பின் சேர்ந்த தோட்டத் தொழிலாளிகள். நிறையப் பேர் தமிழர்கள். பழைய ராணுவ ஃபைலே கிடையாது.

இன்னொரு வேடிக்கை (வேதனை?). திருவனந்தபுரம் ஜில்லா வக்கம் அப்துல் காதர், மலாயாவில் பயிற்சி பெற்று 1942-ல் நீர்மூழ்கியில் வந்து தானூரில் இறங்கிப் பிடிபட்டார். 10-9-1943-ல் மதராஸ் சிறையில் தூக்கு. அவருக்கு சாட்சி தேவையில்லை, தண்டித்த கோர்ட்டே எழுதி வைத்திருக்கிறது. உயிரோடு திரும்பியவனுக்குத்தான் காகிதம் இல்லை.

1972-ல் பென்ஷன் திட்டம் வந்தது. 1980-ல் விரிவாக்கினார்கள். சிறை ரெக்கார்டு இல்லையென்றால், இல்லை என்பதற்கு ஒரு சான்றும், கூட இருந்த இரண்டு பேர் சான்றும் கொடுக்கலாம் என்று விதி. குர்தியால் சிங் வழக்கில் (2001) சுப்ரீம் கோர்ட், கிரிமினல் கேஸ் மாதிரி சந்தேகமற நிரூபிக்கச் சொல்லக்கூடாது, நம்பத்தகுந்த வாய்ப்பிருந்தால் போதும் என்றது.

ஆடிட்டில் நாங்களும் இதைத்தான் செய்கிறோம். வவுச்சர் தொலைந்தால் பொய்க்கணக்கு என்று எழுதிவிட மாட்டோம், பக்கத்துக் கணக்குகளைப் பார்ப்போம். அதே சமயம் போட்டோ மட்டும் போதும் என்றாலும் தப்பு. போலிகளும் வந்தார்கள், அவர்களால் நிஜமானவர்களுக்கே நஷ்டம்.

இதெல்லாம் அன்று தெரிந்திருந்தால், "கூட இருந்தவங்க யாராவது இருக்காங்களா பாட்டி?" என்றாவது கேட்டிருப்பேன். அவர் மறுபடி வரவில்லை.

உங்கள் வீட்டிலும் மலாயா, பர்மா தாத்தா இருந்திருந்தால், முகாம், கப்பல், கூட்டாளி பேர் என்று வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருப்பதை இன்றே எழுதி வையுங்கள். தில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.என்.ஏ. கோப்புகள் இருக்கின்றன. தேடுவதற்கு ஒரு பேராவது வேண்டாமா?