இடி விழுந்த கலசம் அரிசியை இழுக்குமா? ‘ரைஸ் புல்லிங்’ மோசடி நடப்பது எப்படி?

“கோபுரக் கலசத்துல இடி விழுந்தா இரிடியமா மாறிடும், அரிசியை இழுக்கும், பல கோடிக்குப் போகும்.” போடி, தேனி பக்கம் மட்டுமல்ல, தமிழகம் முழுக்கப் பலர் பணத்தைப் பறிகொடுத்த கதை இது.

இரிடியம் என்றால் என்ன?
1803-ல் கண்டறியப்பட்ட அரிய உலோகம். அணு எண் 77. ஸ்பார்க் பிளக் முனைகளில் பயன்படுகிறது. இடி விழுந்தால் செம்பு இரிடியமாக மாறாது. இரிடியம் அரிசியையும் இழுக்காது.

அப்போ அரிசி நகர்வது எப்படி?
அரிசியில் இரும்புத்தூள், கலசத்துக்குள் காந்தம். அவ்வளவுதான்.

ஏன் நம்புகிறார்கள்?
கண்ணால பார்த்துட்டோமே என்ற நம்பிக்கைதான் முதல் காரணம். அடுத்து, கதிர்வீச்சுத் தடுப்பு உடையில் ஒரு ‘விஞ்ஞானி’ வருவார். ரிசர்வ் வங்கி பெயரில் போலிக் கடிதமும் காட்டுவார்கள். ‘டெஸ்டிங் செலவு’க்குக் கொடுத்த பணத்தை விட மனசு வராமல், மேலும் மேலும் கொடுக்கிறார்கள்.

புகார் ஏன் வருவதில்லை?
“வெளிய சொன்னா டீல் போயிடும்” என்பார்கள். ஏமாந்த பிறகோ, நாமும் மாட்டுவோமோ என்ற பயம். அந்த மௌனம்தான் மோசடிக்காரர்களின் முதலீடு.

என்ன செய்யணும்?
உங்க வீட்டு அரிசியை இழுக்கச் சொல்லிப் பாருங்க, ஒரு மணிகூட நகராது. பணம் கேட்டால் கொடுக்காமல் 100-க்கு அழையுங்கள்.