டைப்ஸ்கிரிப்ட்: அடிப்படைத் தரவு வகைகள்

ஜாவாஸ்கிரிப்டுடன் தரவு வகைச் சோதனையைச் சேர்த்து மைக்ரோசாஃப்ட் 2012இல் வெளியிட்ட நிரல்மொழி டைப்ஸ்கிரிப்ட். வடிவமைப்பில் முதன்மைப் பங்கு ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க்குடையது. புதிதாகக் கற்பவர் அன்றாடம் கையாள்பவை மூன்று வகைகள்: எழுத்துத் தொடருக்கு ஸ்ட்ரிங், எண்ணுக்கு நம்பர், உண்மை அல்லது பொய்க்கு பூலியன்.

இவற்றில் தடுக்கி விழவைப்பது நம்பர்தான். முழு எண், தசம எண் என்ற பிரிவு இதில் இல்லை. எல்லாமே 64 பிட் மிதவைப் புள்ளி எண்கள். அதனால் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். பணக் கணக்கை ரூபாயில் வைக்காமல் பைசாவில் வைப்பது நல்லது. 9007199254740991ஐத் தாண்டும் முழு எண்களுக்கு பிக்இன்ட் உண்டு.

வகையை எழுதாவிட்டாலும், முதலில் இட்ட மதிப்பைப் பார்த்து கம்பைலரே ஊகித்துக்கொள்ளும். லெட் என்று அறிவிக்கும்போதே 25 இட்ட ‘வயது’ மாறியில் பின்னர் “இருபத்தைந்து” என்ற சொல்லை இட்டால், நிரல் ஓடும் முன்பே பிழை காட்டும். எனி வகை எதையும் ஏற்கும். அதையே எங்கும் போடுபவர் பேசாமல் ஜாவாஸ்கிரிப்டிலேயே எழுதலாம். எந்த வகையென்று தெரியாத மதிப்புக்கு அன்நோன் பாதுகாப்பானது. சோதித்த பிறகே பயன்படுத்தவிடும்.

ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும்போது வகைக் குறிப்புகள் நீக்கப்பட்டுவிடும். ஆகவே சர்வரிலிருந்து வரும் தரவை நிரலுக்குள்ளேயே தனியாகச் சரிபார்க்க வேண்டும்.