மறையூர்ச் சர்க்கரையும் பாலக்காட்டுப் பனையும்

அறுசுவையில் இனிப்புக்குத் தமிழர் அளித்துள்ள சிறப்பை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பொங்கற் பானையில் தொடங்கித் திருமணப் பந்தி வரையில், இனிப்பு இல்லாத மங்கல நாள் நம்மிடையே இல்லை. பிழைப்பை நாடி மும்பைக்கும் தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் சென்றவர்களும் ஊரிலிருந்து வரும் உறவினரிடம் முதலில் கேட்பது ஒரு பொட்டலம் கருப்பட்டியோ கடலை உருண்டையோ அல்லவா? ஆயினும், அந்த இனிப்பே இன்று நமக்கு அச்சம் தரும் பொருளாகவும் ஆகிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவு உற்றோர் 10 கோடிக்கு மேற்பட்டவர் என்று கணக்கிட்டது. இனிப்பை அடியோடு துறப்பதும் அரிது. அளவின்றி உண்பதும் ஆகாது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டா? தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் பாலக்காட்டு, இடுக்கி எல்லைப் பகுதிகளின் வரலாறு இக்கேள்விக்கு ஓரளவு விடை தருகிறது.

முதலில் கரும்பின் பழங்கதையைச் சற்று நோக்குவோம். அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொணர்ந்தனர் என்று ஔவையார் பாடிய செய்தி புறநானூற்றில் உள்ளது. அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரியாகும். கரும்பைப் பிழியும் எந்திரங்களைப் பெரும்பாணாற்றுப்படை குறிக்கிறது. கரும்பு பிழியும் இடத்துக்கே 'ஆலை' என்று பெயர். இன்று பஞ்சாலை, இரும்பாலை என்று எல்லாத் தொழிற்கூடத்துக்கும் நாம் வழங்கும் சொல், கரும்புச் சாற்றின் மணத்தோடு பிறந்த சொல்லேயாகும். ஆண்டாள் தம் பாசுரத்தில் அழகருக்கு நேர்ந்துகொண்ட அக்கார அடிசிலில் உள்ள 'அக்காரம்' என்பதும் சர்க்கரைதான்.

'சர்க்கரா' என்னும் வடசொல்லுக்குப் பருக்கைக் கல் என்பது பழம்பொருள். அச்சொல் அரபு நாட்டு வணிகர் வாயிலாக மேற்றிசை சென்று ஐரோப்பிய மொழிகளிற் புகுந்தது. போர்ச்சுகீசியர் மலையாளக் கரையில் கேட்டுக்கொண்ட சர்க்கரை என்னும் சொல்லே ஆங்கிலத்தில் வெல்லத்துக்குரிய 'ஜாகரி' ஆயிற்று. தேனீ இல்லாமலே தேன் தரும் நாணல் ஒன்று இந்தியாவில் உண்டு என்று அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவர் நியார்க்கஸ் வியந்ததும் யாவரும் அறிந்ததே.

இனி, நாம் கூறவந்த இடங்களுக்கு வருவோம். இடுக்கி மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், மூணாறிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது மறையூர். ஆனைமுடியின் கிழக்குச் சரிவில் மழை மறைவுப் பகுதியில் அமைந்திருப்பதால், கேரளத்தின் பெருமழை இங்கே எட்டுவதில்லை. கேரளத்து ஆறுகளிற் பெரும்பாலானவை மேற்கே ஓட, இங்குள்ள பாம்பாறு கிழக்கே ஓடி அமராவதியிற் கலந்து தமிழ்நாட்டை வளப்படுத்துகிறது. இயற்கையாக வளர்ந்த சந்தனக் காடும், 'முனியறை' என வழங்கும் பெருங்கற்காலத்துக் கல்லறைகளும் இவ்வூரின் தொன்மைக்குச் சான்றுகள்.

இப்பள்ளத்தாக்குக்கு அஞ்சுநாடு என்று பெயர். மறையூர், கரையூர், காந்தளூர், கீழாந்தூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்கள் சேர்ந்தமையால் வந்த பெயர் அது. இவ்வூர்களில் வாழும் தமிழ்க் குடியினர், போர்க்குழப்பம் மிகுந்த ஒரு காலத்தில் மதுரைப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஊரை விட்டு வந்து, வந்த இடத்தை ஊராக்கிக்கொண்ட இவர்களும் ஒரு வகையில் உங்களைப் போன்றவர்களே. மலைகளில் முதுவர் முதலிய பழங்குடியினர் வாழ்கின்றனர். அவர்கள் எடுக்கும் மலைத்தேன் பெயர் பெற்றது.

இங்கே ஒருகாலத்தில் நெல் விளைந்த வயல்கள் பல பின்னர்க் கரும்புக்கு மாறின. பகலில் நல்ல வெயில், இரவில் மலைக்குளிர், ஓடையிலிருந்து வாய்க்கால் வழியே வரும் நீர் ஆகிய மூன்றும் கரும்புக்கு ஏற்றவை. கரும்பு இங்கே பெரிய ஆலைக்குப் போவதில்லை. வயலின் ஓரத்தில் போட்ட கொட்டகையிலேயே சாறு பிழியப்படுகிறது. அகன்ற கொப்பரையில் சாற்றை ஊற்றி, பிழிந்த சக்கையையே உலர்த்தி எரித்துக் காய்ச்சுகிறார்கள். சிறிது சுண்ணாம்பு சேர்த்ததும் அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வருகிறது. அதை அகப்பையால் வாரிக் களைகிறார்கள். பாகு பதம் வந்ததும் மரத்தொட்டியில் கொட்டிக் கிளறி, சூடு ஆறுமுன் கையாலேயே உருண்டை பிடிக்கிறார்கள். ஏறத்தாழ 10 கிலோ கரும்புக்கு 1 கிலோ சர்க்கரை கிடைக்கிறது. அந்த உருண்டையில் பிடித்த கையின் சுவடு தெரியும்; நிறமோ கருஞ்சிவப்பு. மறையூர்ச் சர்க்கரை எனப் பெயர் பெற்ற இதற்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

குறியீடு கிடைத்ததனாலேயே துன்பம் தீர்ந்துவிடவில்லை. வேற்றிடத்தில் மலிவாகக் காய்ச்சிய சர்க்கரை மறையூர்ப் பெயரோடு கடைவீதிக்கு வருகிறது. அந்த விலைக்குக் கையால் உருட்டும் உழவர் விற்க இயலாது. வாங்குவோர் வேறுபாடு அறியாவிட்டால், அந்தக் கொட்டகைகளின் அடுப்பு ஒவ்வொன்றாக அணைந்துவிடும் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

இப்பொழுது வடக்கே பாலக்காட்டுக்குச் செல்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் நீண்ட மதிலில் இயற்கை விட்டுவைத்த வாயில் பாலக்காட்டுக் கணவாய். அதன் வழியே கோவைக் காற்றும் கோவைத் தமிழும் மேற்கே நுழைகின்றன. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் ஆகிய ஊர்களில் தமிழ் வீட்டுமொழியாக வழங்குகிறது. 1956 நவம்பர் 1இல் கேரள மாநிலம் அமையும் முன்னர், பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்திலும், சித்தூர் பழைய கொச்சி அரசின் ஆட்சியிலும், மறையூர் திருவிதாங்கூர் ஆட்சியிலும் இருந்துவந்தன. ஆட்சிகள் வேறாயினும் அடுப்படியின் வெல்லம் ஒன்றாகவே இருந்தது.

இப்பகுதியின் தனி அடையாளம் பனைமரம். கேரளத்தின் பிற பகுதிகளில் தென்னை ஆள்வது போல, இங்கே வரப்புதோறும் கரும்பனை நின்றது. 1969இல் நூலாக வெளிவந்த ஓ. வி. விஜயனின் புகழ்பெற்ற மலையாள நாவலான 'கசாக்கின் இதிகாசம்' இந்தப் பனைகளின் நிழலில் பிறந்ததே. பனையின் பாளையைச் சீவிக் கட்டிய கலயத்தில் சுண்ணாம்பு தடவினால், சாறு புளிக்காமல் பதநீராகிறது; தடவாவிட்டால் கள்ளாகிறது. குழந்தைக்கு உகந்த பானத்துக்கும் குடியைக் கெடுக்கும் பானத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு விரற்கடைச் சுண்ணாம்புதான்! பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி; பாகைப் பல நாள் அசையாமல் வைத்திருந்தால் பனங்கற்கண்டு.

பனையின் பெருமையை நாடெங்கும் எடுத்துரைத்தவர் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா. காந்தியடிகள் 1934இல் தோற்றுவித்த அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் செயலாளராக விளங்கிய அவர் கூறிய காரணம் எளியது. கரும்புக்கு நல்ல நிலமும் மிகுந்த நீரும் வேண்டும். அந்த நிலத்தில் நெல்லும் பருப்பும் விளைவிக்கலாம். பனையோ வரப்பிலும் வறண்ட நிலத்திலும் தானே வளர்வது. ஆகவே இனிப்பைப் பனையிலிருந்து பெற்று, வயலை உணவுக்கு விடுவோம் என்றார் அவர். ஆனால் பனையேறும் தொழில் கடினமானது, ஆபத்து மிக்கது. அதற்குரிய ஊதியம் கிடைக்கவில்லை. தொழிலாளர் மக்கள் வேறு வேலை நாடினர். செங்கற் சூளைகளின் அடுப்புக்குப் பல மரங்கள் இரையாயின.

இவ்வாறு வெல்லமும் கருப்பட்டியும் பின்வாங்க, அவற்றின் இடத்தைப் பிடித்தது வெள்ளைச் சர்க்கரை. அதற்குச் 'சீனி' என்று பெயரிட்டனர். சீன நாட்டுத் தொடர்பை அப்பெயர் காட்டுகிறது. பழைய தலைமுறையினர் அதனை 'அஸ்கா' என்றும் அழைப்பர். அஸ்கா என்பது ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் உள்ள ஓர் ஊர். அம்மாவட்டம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த 19ஆம் நூற்றாண்டில், அங்கே அமைந்த ஆலையின் சர்க்கரை தென்னாடு வரை வந்தமையால், ஊர்ப்பெயரே பொருட்பெயராயிற்று.

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் உள்ள கோவையில் 1912ஆம் ஆண்டு கரும்பு ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. பார்பர், டி. எஸ். வெங்கடராமன் ஆகிய அறிஞர்கள், தடித்த கரும்பைக் காட்டு நாணற் கரும்போடு கலந்து, வறட்சியையும் நோயையும் தாங்கும் இனத்தை உண்டாக்கினர். 1918இல் வெளிவந்த 'கோ 205' வடநாட்டு வயல்களில் நன்கு விளைந்தது. தலைச்சேரியில் பிறந்த தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாளும் 1930களில் இந்நிலையத்தில் பணியாற்றினார். 1932இல் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது 30க்குச் சற்று மேற்பட்டிருந்த ஆலைகள், நான்கைந்து ஆண்டுகளுக்குள் 130ஐத் தாண்டின. இது நாட்டுக்குப் பெருமை தரும் சாதனை என்பதில் ஐயமில்லை. அயல்நாட்டுச் சர்க்கரையை எதிர்பார்த்திருந்த நிலை நீங்கியது. ஏழையின் தேநீரும் இனித்தது. ஆயினும், திருநாளுக்கு மட்டும் உரியதாக இருந்த இனிப்பு, நாள்தோறும் வேளைதோறும் உண்ணும் பொருளாயிற்று. இன்றைய நோய்ப்பெருக்கத்துக்கு இம்மாற்றமும் ஒரு காரணமாகும்.

அப்படியானால் சீனியை விட்டு வெல்லத்துக்கு மாறிவிட்டால் தீமை நீங்குமா? இங்கேதான் பலர் மயங்குகின்றனர். வெல்லத்தில் இரும்பு முதலிய தாதுக்கள் சிறிதளவு எஞ்சியிருப்பது உண்மையே. சீனியில் அவை நீக்கப்படுகின்றன. ஆனால் வெல்லத்திலும் பெரும்பகுதி சர்க்கரையே. கருப்பட்டியும் தேனும் அத்தகையனவே. இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் அவை சீனிக்கு மிகவும் பின்தங்கியவை அல்ல. நீரிழிவு உடையோர் வெல்லம் நல்லதென்று எண்ணி விருப்பம்போல் உண்பது தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வதாகும். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் கூறிய வரம்பின்படி, நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவர் சேர்த்துக்கொள்ளும் இனிப்பு 50 கிராமுக்குள் இருத்தல் வேண்டும்; 25 கிராமுக்குள் அடங்கின் மேலும் நன்று. தேனும் பழச்சாறும் அந்தக் கணக்கிலேயே சேரும்.

ஆகவே, முன்னோரிடம் நாம் கற்க வேண்டியது பொருளை மட்டுமன்று, முறையையும் ஆகும். அவர்கள் இனிப்பைத் தனியே உண்டது குறைவு. எள்ளோடும் நிலக்கடலையோடும் பயற்றோடும் சேர்த்து உருண்டை பிடித்தனர். பருப்பும் கொழுப்பும் நாரும் உடன் சேர்வதால், இனிப்பு மெல்லச் செரித்தது. சிறிது உண்டதும் வயிறு நிறைந்தது. வெல்ல நீரில் சுக்கும் ஏலமும் இட்டுப் பானகமாக்கி, வேனிற் காலத்தில் மட்டும் அருந்தினர். பாலக்காட்டு வீடுகளில் நேந்திரம் பழத்தை வேகவைத்து, ஒரு துளிச் சர்க்கரையும் சேர்க்காமல் காலை உணவாக உண்பர். நுங்கும் பனங்கிழங்கும் ஓரளவே இனிக்கும்; ஆனால் நாவுக்கு நிறைவு தரும். அடைப்பிரதமனும் சக்கைவரட்டியும் ஓணத்துக்கும் விஷுவுக்கும் உரியவை. ஆண்டு முழுவதற்கும் உரியவை அல்ல. இனிப்புக்கு ஒரு காலம், ஓர் அளவு, ஒரு துணை உணவு என்று வகுத்திருந்தனர். இதுவே நாம் தேடிய நடுவழி.

வெளிமாநிலங்களில் வாழும் அன்பர்களுக்கு வெல்லம் வாங்குவதில் ஒரு குறிப்பும் உண்டு. பளபளக்கும் மஞ்சள் நிறத்தைக் கண்டு மயங்கலாகாது. வேதிப்பொருளிட்டு வெளுக்கச் செய்த வெல்லமே பெரும்பாலும் அந்நிறம் பெறுகிறது. கருத்த வெல்லமே நல்லது என்பதை மறையூர் உருண்டை காட்டும். மறையூரும் உடன்குடியும் எட்டாத தொலைவில் இருப்போர், தாம் வாழும் நாட்டின் நல்ல பொருளை அறிந்துகொள்ளலாம். மராட்டியத்தில் கோலாப்பூர் வெல்லம் உண்டு. வங்கத்தில் குளிர்காலந்தோறும் ஈச்சமரச் சாற்றில் காய்ச்சும் 'நொலேன் குர்' உண்டு. அந்த ஈச்சமரத்தில் ஏறுபவரும் நம் பனையேறியின் உடன்பிறப்பே.

உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டு அரசு பனையைத் தன் மாநில மரமாகக் கொண்டுள்ளது. இவை நற்குறிகளே. எனினும் குறியீட்டுப் பத்திரம் மரத்தையும் தொழிலையும் காக்காது. வாங்குவோரின் அறிவும் மனமுமே காக்கும். குறைவாக உண்போம், உண்பதை நல்லதாக உண்போம், அதற்குரிய விலையைத் தயங்காமல் கொடுப்போம். அவ்வாறு செய்வோமாயின், நம் உடல்நலமும் காக்கப்படும், மறையூர்க் கொட்டகையின் அடுப்பும் அணையாது எரியும், பாலக்காட்டு வரப்பில் எஞ்சியுள்ள பனையும் நிலைத்து நிற்கும்.