கார்னூஸ்டி: கடைசிக் குழி வரை சோதிக்கும் கடலோர கோல்ஃப் மைதானம்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் உள்ள கார்னூஸ்டி, உலகின் மிகக் கடினமான கோல்ஃப் மைதானங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. மணற்பாங்கான கடலோர நிலத்தில் அமையும் இத்தகைய மைதானங்கள் 'லிங்க்ஸ்' எனப்படுகின்றன. இங்கு கடற்காற்று பந்தின் திசையை மாற்றிவிடும். இறுகிய தரையில் விழும் பந்து நெடுந்தூரம் உருண்டு, ஆழமான மணற்பள்ளங்களில் சிக்கும். ஆகவே, காற்று வலுக்கும்போது வீரர்கள் பந்தைத் தாழ்வாக அடிக்கின்றனர்.

கடைசி இரு குழிகளுக்கான பாதையின் குறுக்கே பாரி பர்ன் ஓடை வளைந்து செல்கிறது. 1999 பிரிட்டிஷ் ஓபன் போட்டியில் 3 ஸ்ட்ரோக் முன்னிலையுடன் இறுதிக் குழிக்கு வந்த பிரான்ஸ் வீரர் ழான் வான் டி வெல்ட், பந்தை ஓடையில் விட்டு 7 ஸ்ட்ரோக்குகள் எடுத்தார். தொடர்ந்து நடைபெற்ற பிளே-ஆஃபில் ஸ்காட்லாந்தின் பால் லாரி பட்டம் வென்றார். 2007-இல் இதே குழியில் இருமுறை பந்தை ஓடையில் விட்ட அயர்லாந்தின் பாட்ரிக் ஹாரிங்டன், பிளே-ஆஃபில் மீண்டு வாகை சூடினார்.